அழிக்கிற கை

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு என்றால் நான் நாலேகாலுக்கெல்லாம் மண்டபத்தில் இருப்பேன். வாசலில் வாழைமரம் கட்டியிருப்பார்கள். மேளக்காரர்கள் வந்திருக்க மாட்டார்கள். சமையல்கட்டில் மட்டும் வெளிச்சம் இருக்கும். அங்கே ஒரு காபி வாங்கிக்கொண்டு, மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் கேமராவை வைத்துக்கொண்டு நான் செய்கிற முதல் வேலை, போன கல்யாணத்தை அழிப்பது.

மெனுவில் ‘ஃபார்மட்’ வரிக்குப் போனதும், எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கேமரா ஒரு தடவை கேட்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, சட்டைப்பையில் இருக்கும் நாற்பது பக்க நோட்டைப் பிரிப்பேன். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணுக்கு நேரே இரண்டு டிக் இருக்க வேண்டும். ஒன்று நான் போட்டது, இன்னொன்று எடிட்டர் தம்பி போட்டது. இரண்டும் இருந்தால் பொத்தானை அமுக்குவேன். ஒன்று குறைந்தாலும் அந்தக் கார்டு அன்றைக்குக் கேமராவுக்குள் போகாது. உறைக்குள்ளேயே கிடக்கும், வேறு கார்டுதான் போகும்.

திருநெல்வேலியில் கல்யாண வீடியோ எடுக்க வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. தொழிலுக்கு வருகிற பையன்கள் என்னிடம் லென்ஸ் பற்றிக் கேட்பார்கள், ஹெலிகேம் பற்றிக் கேட்பார்கள், கலர் எப்படிப் போடுவது என்று கேட்பார்கள். கார்டை எப்போது அழிக்கலாம் என்று ஒருவனும் கேட்டதில்லை. எனக்கு இந்தத் தொழிலில் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது என்றால், அது இதுதான்.

நான் வந்தபோது கார்டு கிடையாது. தோளில் வி.எச்.எஸ். கேமரா, பின்னால் லைட் பிடிக்க ஒரு பையன், அவனுக்குப் பின்னால் ஒயரைச் சுருட்டிக்கொண்டு இன்னொருவன். அப்புறம் மினி டிவி கேசட் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற கேசட், ஒன்றுக்கு அறுபது நிமிஷம். ஒரு கல்யாணத்துக்கு ஆறேழு கேசட் ஓடும். வீட்டுக்கு வந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றால் ஒரு மணி நேர கேசட்டுக்கு முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். ஃபயர்வயர் கேபிளை மாட்டி, கேமராவில் ஓடவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கேசட் 13 ஜிபி பிடிக்கும். அன்றைக்கு எங்களிடம் இருந்தது 80 ஜிபி டிஸ்க். ஆறு கேசட்டுக்கு மேல் அதில் இடமில்லை. மிக்சிங் முடித்து மாஸ்டர் எடுத்த கையோடு டிஸ்க்கைக் காலி செய்துவிட்டுத்தான் அடுத்த கல்யாணத்தை ஏற்றுவோம்.

டிஸ்க்கைக் காலி செய்யும்போது கை நடுங்கியதே இல்லை. கேசட் அலமாரியில் இருக்கிறதே! அதன் முதுகில் தேதியும் மண்டபத்தின் பெயரும் எழுதி, ஓரத்தில் இருக்கும் சின்ன நாக்கைத் தள்ளிப் பூட்டி வைத்துவிட்டால் யாரும் அதன்மேல் பதிய முடியாது. ஏதாவது கெட்டுப்போனால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு மணி நேரத்தை நாங்கள் வீணான நேரம் என்று திட்டினோம். ஆனால் எடுத்ததை முழுசாக உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான். மைக் ஒயர் கழன்று சத்தம் விழாதது, ஹெட் அழுக்காகிப் படம் கட்டம் கட்டமாக உடைந்தது எல்லாம் அன்று ராத்திரியே தெரிந்துவிடும்.

கார்டு வந்ததும் இரண்டும் போயிற்று. அரை மணியில் காப்பி முடிந்துவிடுகிறது, ஒரு காட்சியையும் கண்ணால் பார்ப்பதில்லை. அதோடு, மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமானால் அசலையே அழிக்க வேண்டும். கேசட்காரன் அசலை அலமாரியில் வைத்தான், கார்டுக்காரன் வாரத்துக்கு மூன்று தடவை அசலை அழிக்கிறான். இந்த வித்தியாசம் என் மண்டையில் ஏற 2014 ஆவணி மாதம் வரைக்கும் ஆயிற்று.

அடுத்தடுத்த இரண்டு நாளும் முகூர்த்தம். முதல் நாள் கல்யாணத்துக்கு இரண்டு ஏவிசிஎச்டி கேமரா போட்டிருந்தோம். ஒன்று மேடையில், ஒன்று பந்தி, வரவேற்பு, சொந்தக்காரர் கூட்டம் என்று சுற்றுவதற்கு. அந்தக் கேமராக்கள் கோப்புகளுக்குப் பெயர் வைக்கிற விதம் ஒன்று உண்டு. 00000, 00001, 00002 என்று போகும். கார்டை ஃபார்மட் அடித்துப் போட்டால் மறுபடியும் 00000. அதாவது மேடைக் கேமராவிலும் 00000 இருக்கும், பந்திக் கேமராவிலும் 00000 இருக்கும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே பெயர்.

ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டூடியோவில் பையன் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் பரோட்டா பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேருமே முந்தின ராத்திரி தூங்கவில்லை. மேடைக் கார்டை ஒரு ஃபோல்டரில் போட்டான். பிறகு பந்திக் கார்டைச் செருகி, அதே ஃபோல்டரில் விட்டான். இதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறது, மாற்றிவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மாற்றிவிடு என்று அமுக்கினான். எல்லாக் கோப்புக்கும் அதே பதில் என்று இன்னொரு அமுக்கு.

“எல்லாம் போட்டாச்சால?”

“போட்டாச்சு அண்ணாச்சி.”

மறுநாள் விடியற்காலையில் வேறொரு மண்டபத்தில் அந்த இரண்டு கார்டையும் நானே ஃபார்மட் அடித்தேன். அன்று முழுக்க அதன்மேல் புதுக் கல்யாணம் பதிந்தது.

தெரிந்தது பதினெட்டு நாள் கழித்து, எடிட்டிங்குக்கு உட்கார்ந்தபோது. மேடைக் கார்டில் 41 கோப்பு இருந்தது, பந்திக் கார்டில் 22. பந்தியின் 22-ம் மேடையின் முதல் 22-ஐ விழுங்கிவிட்டன. 00022-லிருந்து மேடை இருந்தது. தாலி கட்டியது 00023-ல், ஆகவே தாலி தப்பித்தது. பெண் மேடைக்கு வந்தது, மாப்பிள்ளைக்கு மாலை போட்டது, அப்பா பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தது எதுவும் இல்லை. அந்த இடத்தில் ஜனங்கள் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபோட்டோரெக் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஃபார்மட் அடித்தால் கார்டில் உள்ள படம் உடனே மறைந்துவிடாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்கிற பட்டியலைத்தான் கேமரா பெரும்பாலும் துடைக்கிறது. வீட்டுக்கதவில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றுவது மாதிரி. உள்ளே ஆள் இருப்பார். அதன்மேல் புதிதாக எதையும் பதியாமல் கார்டை அப்படியே எடுத்து வைத்தால், இந்த மாதிரி மென்பொருளை விட்டுப் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடலாம். நாங்கள் அதன்மேல் ஒரு முழுக் கல்யாணத்தையே குடிவைத்திருந்தோம். இரண்டு ராத்திரி ஓடவிட்டுப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் இரண்டாவது வீட்டுப் பெண்ணின் நலங்கு.

பெண்ணின் அப்பாவிடம் போய் நான் சொன்ன வாக்கியத்தை இந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் ஒருதடவையாவது சொல்லியிருப்பார்கள்.

“கார்டு கரப்ட் ஆயிட்டு அண்ணாச்சி.”

கார்டைக் கையில் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்துனூண்டுலயா எங்க வீட்டுக் கல்யாணம் இருந்துச்சு?” என்று கேட்டார். திட்டவில்லை. ஃபோட்டோகிராஃபர் எடுத்த படங்களை வைத்து, மெதுவாக நகரவிட்டு, நாதஸ்வரத்தைச் சேர்த்து அந்தப் பகுதியை ஒப்பேற்றிக் கொடுத்தேன். பாக்கிப் பணத்தில் பாதியை வேண்டாம் என்றேன். கார்டைக் கொண்டுவந்து மேசை இழுப்பறையில் போட்டேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செத்துப்போயிற்று என்று சொல்லிவிட்டு அதிலேயே இன்னொரு கல்யாணத்தை எடுக்க மனசு வரவில்லை.

கரப்ட் ஆகிற கார்டே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது. பேட்டரி தீருகிற சமயம், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியைப் பிடுங்கினால் கடைசிக் கோப்பு திறக்காது. எம்.பி.4 கோப்பில், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்கிற அட்டவணையைக் கேமரா பெரும்பாலும் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதும். எழுதுவதற்கு முன் உயிர் போனால், 3 ஜிபி படம் இருக்கும், எதிலும் ஓடாது. அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் இதைச் சரிசெய்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டு தடவை எனக்குப் பிழைத்திருக்கிறது. போலிக் கார்டும் உண்டு. மேலே 64 ஜிபி என்று அச்சடித்திருக்கும், உள்ளே 8-தான் இருக்கும். நிறைந்தபிறகும் பதிகிற மாதிரி பாசாங்கு செய்யும், பழையதன் மேலேயே எழுதிக்கொண்டிருக்கும். ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி ஏமாந்தேன். அதற்குப்பிறகு எந்தப் புதுக் கார்டானாலும், பெட்டியைப் பிரித்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்கிற சின்ன மென்பொருளை விட்டு, விளிம்பு வரைக்கும் எழுதித் திரும்பப் படிக்கவைத்துப் பார்த்த பிறகுதான் அதற்கு எண் கொடுப்பேன்.

ஆனால் என் கணக்கில், கரப்ட் என்று வாடிக்கையாளரிடம் சொல்லப்படுகிற பத்துக் கார்டில் எட்டுக்குக் காரணம் தூக்கமில்லாத ஒரு கை. கார்டு வாய் திறந்து மறுத்துப் பேசாது, அதனால் பழியை அதன்மேல் போடுவது எல்லோருக்கும் சௌகரியம்.

அந்த ஆவணிக்குப் பிறகு வேலை முறையை மாற்றினோம். மாற்றியது ஒரே நாளில் அல்ல. ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு விதியாகச் சேர்ந்தது.

முதலில் பெயர். ஒரு கல்யாணத்துக்கு ஒரு ஃபோல்டர். தேதி முன்னால் வரும், வருஷம் மாதம் நாள் என்ற வரிசையில், அப்போதுதான் கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கும். பெண் மாப்பிள்ளை பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தோம் முன்பு. ஒரே வருஷத்தில் மூன்று கார்த்திக்–பிரியா வந்ததும் அதைக் கைவிட்டோம். அதற்குள் கேமராவுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் கார்டுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள்ளே கார்டு எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் கொட்ட வேண்டும். காலியான ஃபோல்டர்கள், எதற்கென்றே தெரியாத சின்னச் சின்னக் கோப்புகள் எல்லாம் சேர்த்து.

படக்கோப்பை மட்டும் எடுத்தால் போதாதா என்று பையன்கள் கேட்பார்கள். ஏவிசிஎச்டி-யில் ஒரு நீளமான காட்சி ஒரே கோப்பாக இருக்காது. குறிப்பிட்ட அளவு வந்ததும் கேமரா வெட்டி அடுத்த கோப்பில் தொடரும். இதுவும் அதுவும் ஒரே காட்சி என்கிற குறிப்பு அந்தத் துக்கடாக் கோப்புகளில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் படக்கோப்பை மட்டும் எடுத்து எடிட்டிங்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒட்டுகிற இடத்தில் நாதஸ்வரம் ஒரு விக்கல் விக்கும். கெட்டிமேளத்தில் அந்த விக்கல் வந்தால் ஊருக்கே கேட்கும்.

அடுத்து ‘கட்’ கிடையாது. காப்பி மட்டுமே. இதை அந்த ஆவணிக்கு முன்பே கற்றுக்கொடுத்தது 2012-ன் மின்வெட்டு. எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத காலம். கார்டிலிருந்து ‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ போடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் பலருக்கு இருந்தது, கார்டு தானாகவே காலியாகிவிடுகிறதே என்று. பாதியில் கரண்ட் போனால் இங்கேயும் அரைகுறை, அங்கேயும் அரைகுறை. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு மஞ்சள் நீராட்டு விழா முழுவதையும் அப்படித் தொலைத்தார். யுபிஎஸ் வாங்கினோம், கம்ப்யூட்டருக்கு மட்டும் அல்ல, வெளியே வைத்திருக்கிற டிஸ்க்குக்கும் சேர்த்து. அதை நிறையப்பேர் மறந்துவிடுவார்கள்.

காப்பி போட்டு முடித்தபிறகு சரிபார்ப்பது. தொடக்கத்தில் எத்தனை கோப்பு, எத்தனை பைட் என்று இரண்டு பக்கமும் எண்ணைப் பார்த்து ஒப்பிடுவோம். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உள்ளே ஒரு இடத்தில் பிசகியிருக்கலாம் என்று சினிமாவில் வேலை பார்க்கிற ஒரு நண்பர் சொன்னார். படப்பிடிப்புத் தளத்தில் இதற்கு ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள், டிஐடி என்று பெயர். கார்டை வாங்குவதும் பிரதி எடுப்பதும் சரிபார்ப்பதும் அவர் பொறுப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் கணக்குப்போட்டு ஒரு நீளமான எண்ணை எடுப்பார்கள், ‘செக்சம்’ என்பார்கள். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். பிரதியிலும் அதே எண் வந்தால் இரண்டும் ஒன்றே. அந்த வேலையை டெராகாப்பி மாதிரி மென்பொருள்கள் நம் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடும், சரிபார் என்கிற ஒரு டிக்கைப் போட்டால் போதும். நேரம் இன்னும் கொஞ்சம் ஆகும். ஆகட்டும்.

ஆனால் மெஷின் போடுகிற டிக் என் நோட்டில் ஏறாது. பிரதி அசல் மாதிரியே இருக்கிறது என்று மட்டும்தான் மெஷின் சொல்லும். அசலிலேயே மைக் விழவில்லை என்றால் விழாததை அப்படியே பத்திரமாகப் பிரதி எடுத்துக் கொடுக்கும். அதனால் டிஸ்க்கை ஒருதடவை முறைப்படி வெளியேற்றி, கழற்றி, மறுபடி மாட்டி, பிரதியிலிருந்து ஒவ்வொரு கோப்பையும் திறந்து, முதலும் நடுவும் கடைசியும் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நான் ஒரு பிரதியில் பார்ப்பேன், தம்பி இன்னொரு பிரதியில் பார்ப்பான். பார்த்த பிறகுதான் டிக். கேசட் காலத்து ஒரு மணி நேரத்தில் ஒரு துண்டையாவது திரும்ப வாங்கிக்கொள்கிற ஏற்பாடு இது.

மண்டபத்துக்குள் எங்கள் விதி எல்லாம் ஒரு சுருக்குப்பையில் அடங்கும். நிஜமாகவே சுருக்குப்பை. எங்க அம்மா வெற்றிலை பாக்கும் சில்லறையும் வைத்து இடுப்பில் செருகியிருந்த பை. நிறைந்த கார்டு கேமராவிலிருந்து வந்ததும், பக்கத்தில் உள்ள சின்னப் பூட்டைக் கீழே தள்ளிவிட்டு நேரே அதற்குள் போகும். கயிற்றை இழுத்துவிட்டால் ஸ்டூடியோ மேசைக்கு வருகிறவரை திறக்கக் கூடாது. காலிக் கார்டுகள் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். சட்டைப்பை, பேன்ட் பை, வாய், எதிலும் கார்டு இருக்கக் கூடாது. வாய் என்பது வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது மைக்ரோ எஸ்டி கார்டைப் பல்லிடுக்கில் வைக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

தாலி கட்டுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எல்லாக் கேமராவிலும் கார்டை மாற்றிவிடுவோம், பாதிதான் ஆகியிருந்தாலும். கெட்டிமேளம் ஒருதடவைதான். கார்டு நிறைந்துவிட்டது, கொஞ்சம் பொறுங்க சாமி என்று ஐயரிடம் சொல்ல முடியாது. இப்போதைய கேமராக்களில் இரண்டு கார்டு செருகலாம், இரண்டிலும் ஒரே சமயத்தில் ஒன்றையே பதியலாம். அந்த வசதி இருந்தும் இரண்டாவது செருகிடத்தைக் காலியாக வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கார்டு மிச்சம் பிடிக்கிறார்களாம். மண்டபத்தில் உட்கார்ந்து, வேண்டாத காட்சியை ஒவ்வொன்றாகக் கேமராவில் அழித்து இடம் பண்ணுகிற பழக்கமும் வேண்டாம். அசதியில் வேண்டியதை அழிப்போம். அதோடு அழித்த சந்துகளில் புதுக்கோப்பு துண்டு துண்டாகப் போய் உட்காரும். பிறகு ஏதாவது ஆகி மீட்க வேண்டி வந்தால், துண்டுகளைச் சேர்ப்பது பெரும்பாடு.

அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் என்று கேமராவில் போட்டிருக்கும். அது பிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு பன்னிரண்டரை மெகாபைட், மணிக்கு 45 ஜிபி. இரண்டு 4கே கேமரா ஆளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் 450. முழுநாள் வீடியோ எடுக்கிற எச்டி கேமரா எட்டு மணி நேரத்தில் 180. ஒரு கல்யாணம் 630 ஜிபி. இரண்டு பிரதி என்றால் 1,260. தையில் தொடங்கி வைகாசி முடிய முப்பது கல்யாணம் எடுத்தால் டிஸ்க்கே 38 டிபி வேண்டும். சென்னைக்குப் போகும்போதெல்லாம் ரிச்சி தெருவில் டிஸ்க் வாங்காமல் நான் திரும்பியதில்லை. எங்க வீட்டில் நகை வாங்கியதைவிட டிஸ்க் வாங்கியதுதான் அதிகம் என்று என் மனைவி சொல்வாள், அதில் பொய் இல்லை. கிளவுடில் ஏற்றலாமே என்கிறார்கள். நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில், நடுவில் அறுபடாமல் போனால்கூட ஒரு கல்யாணத்துக்கு 28 மணி நேரம். முடித்த படத்தை மட்டும் அங்கே ஏற்றுகிறோம்.

மூன்று பிரதி, இரண்டு வகையான பொருளில், அதில் ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் குரோ என்கிற அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் தன் புத்தகத்தில் எழுதிப் பரவியது. படிக்கும்போது பெரிய கம்பெனிகளுக்கு என்று நினைத்தேன். ‘வேறு இடம்’ எங்கே இருக்கிறது நமக்கு? யோசித்து யோசித்து, கடைசியில் தென்காசியில் அக்கா வீட்டு பீரோ கிடைத்தது. மாதம் ஒருதடவை டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். பட்டுப்புடவைகளுக்கு நடுவில் அடுக்குவோம். “எங்க பீரோவுல ஊர்ல உள்ள பொண்ணு மாப்பிள்ளை பூராம் இருக்காங்க” என்று அத்தான் எல்லோரிடமும் சொல்வார்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் தேதி. கார்த்திகை முகூர்த்தங்கள் முடிந்து நாங்கள் மூச்சுவிட்ட நாள். மார்கழியில் எங்களுக்கு வேலை குறைவு, கிறிஸ்தவ வீடுகளிலோ முஸ்லிம் வீடுகளிலோ ஒன்றிரண்டு வந்தால் உண்டு. அன்று பெய்த மழையைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றேபோனது. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. ஜங்ஷன் பக்கம், தரைத்தளத்தில் இருந்தது என் ஸ்டூடியோ.

தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியபோது உள்ளே முழங்கால் வரை சேறு. கம்ப்யூட்டர், யுபிஎஸ், கீழ்த்தட்டில் இருந்த நான்கு டிஸ்க், எல்லாம் அதற்குள். டிஸ்க்கைக் காயவைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்ப்போமா என்றான் தம்பி. கையைப் பிடித்துக்கொண்டேன். சாதாரண டிஸ்க்கின் மேல்மூடியில் காற்று போய்வர ஒரு பொடி ஓட்டை உண்டு. அது வழியாகச் சேற்றுத்தண்ணீர் போயிருந்தால், சுழலவிட்ட அந்த நொடியிலேயே தகடு கீறிப்போகும். மீட்டுத்தருகிறவர்களிடம் விசாரித்தோம். கேட்ட தொகைக்கு ஒரு கல்யாண ஆர்டர் போதாது.

கார்த்திகையில் எடுத்தது ஏழு கல்யாணம். ஐந்து அக்கா வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. கடைசி வாரத்து இரண்டின் பிரதிகள் இரண்டுமே ஸ்டூடியோவில் இருந்தன, ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று கீழ்த்தட்டில். வேறு இடம் என்பதை மாதம் ஒருதடவை பஸ் ஏறுகிற சௌகரியத்துக்கு விட்டதன் பலன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். தம்பிதான் கேட்டான், “அண்ணாச்சி, சுருக்குப்பை எங்க?”

பை பாளையங்கோட்டையில், மாடியில் உள்ள என் வீட்டில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு டிக் ஆனாலும் கார்டை ஸ்டூடியோவில் அழிக்கக் கூடாது, அடுத்த மண்டபத்தில்தான் அழிக்க வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு கல்யாணத்துக்கும் வெவ்வேறு கார்டுகள். மார்கழியில் அடுத்த மண்டபம் இல்லை. பதினொரு கார்டும் அழியாமல் இருந்தன.

அந்த விதி வெள்ளத்தை நினைத்துப் போட்டதல்ல. அழிக்கிற வேலையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். இப்போது பஸ் பயணம் வாரம் ஒருதடவை ஆகிவிட்டது. ஸ்டூடியோவும் மாடிக்கு மாறியது.

வாடிக்கையாளருக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கிற தாளில், மூன்று மாதத்துக்குப் பிறகு காட்சிகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை என்பது வெள்ளத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. பொங்கல் வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆல்பம் ஊறிப்போயிற்று, சிடி மேல் சேறு, பென்டிரைவ் பீரோவோடு போயிற்று, உங்ககிட்ட காப்பி இருக்குமே அண்ணாச்சி? இருந்தவர்களுக்குக் கொடுத்தோம். பணம் வாங்கவில்லை, பென்டிரைவ் மட்டும் வாங்கிவரச் சொன்னோம். கேசட் காலத்தில் எடுத்த சிலருக்கு ஒன்றும் கொடுக்க முடியவில்லை. அந்த அலமாரியும் தரைத்தளத்தில்தான் இருந்தது.

இழுப்பறையைக் கழுவும்போது அந்தப் பழைய 32 ஜிபி கார்டு கிடைத்தது. சேற்றைக் கழுவி, நான்கைந்து நாள் நிழலில் காயவிட்டு, சும்மா ரீடரில் செருகிப் பார்த்தேன். திறந்தது. ஒரு குறையும் இல்லை.

அதற்கு அடுத்த வாரமோ என்னவோ, முப்பது வயசு இருக்கும், ஒரு பையன் படியேறி வந்தான். 2014 ஆவணியில் எங்க அக்கா கல்யாணம் நீங்கதான் எடுத்தீங்க, வீட்டில் எல்லாம் போய்விட்டது என்றான். பீரோவில் இருந்தது. முந்தின நாள்தான் அந்த வருஷத்து டிஸ்க்கைக் கொண்டுவந்திருந்தேன். பென்டிரைவை வாங்கிச் செருகினேன். காப்பி ஓட ஆரம்பித்தது.

“அந்தத் தாரை வார்ப்பு மட்டும் இருக்காதுல்லா அண்ணாச்சி? கார்டு கெட்டுப்போயிட்டுன்னு அப்பா இப்பவும் சொல்லிட்டு இருப்பாங்க.”

திரையில் பச்சைக்கோடு பாதிவரை வந்திருந்தது.

“கார்டு கெடல தம்பி” என்றேன். “அந்தச் சேர இழுத்துப் போட்டு உக்காருங்க. சொல்லுதேன்.”